முப்பது எண்ணும் வரை

பறவைக் காய்ச்சல் காலம்.
ஆரியங்காவு வளைவுகளில் இறங்கி வரும்
ஒவ்வொரு கோழி வண்டியின் சக்கரத்துக்கும்
மருந்தடிக்கச் சொல்லித்தான்
அரசாங்கம் எனக்கு இந்த இரவுகளைக் கொடுத்திருக்கிறது.

புளியரைச் சாவடி. தகரக் கொட்டகை.
ரப்பர் முத்திரையும் காய்ந்துபோன மைப்பெட்டியும்
கால்நடைத் துறையுடையவை.
தெளிப்பான், பூதத்தான் அண்ணனின் தோளுடையது.
என்னுடையதென்று இருப்பது
ஒரு கையரவை, ஒரு பீங்கான் புனல்,
அரை முழம் காடாத் துணி.

இரண்டரை மணிக்குக் கணவாய்க் காற்று
சாரலை அள்ளி மேசைமேல் வீசும்.
பதிவேட்டை மூடிவிட்டுக்
கொட்டையை அள்ளுவேன்.
ஒரு பிடி. என் பிடி.
எத்தனை கிராம் என்று எழுதித் தர வேண்டியதில்லை.

சுற்றத் தொடங்கினால்
முதலில் கல் உடையும் சத்தம்,
அப்புறம் மணல்,
அப்புறம் கைப்பிடி சட்டென்று லேசாகிவிடும்,
மறுமுனையில் பிடித்திருந்தவர்
விட்டுக்கொடுத்த மாதிரி.

"ரெண்டு ரூவாப் பொட்டலத்தைக் கிழிச்சுப் போட்டா முடிஞ்சுது.
இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா?"
பூதத்தான் அண்ணன் தினமும் கேட்பார்,
தன் டம்ளரைக் கழுவிக்கொண்டே.

கொதித்து அடங்கிய நீரை
முதலில் கொஞ்சம், நனைய மட்டும்.
பொடி உப்பும். நடுவில் வெடித்துக் குமிழி விடும்,
நாற்றங்கால் சேற்றில்
நண்டு இருக்கும் இடம் தெரிவதுபோல.
அப்போது முப்பது எண்ண வேண்டும்.
அந்த முப்பதுக்குள் நான் எதிலும் கையெழுத்திடுவதில்லை.

அன்று எண்ணிக்கை பதினொன்றில் ஹாரன்.
காலிக் கூண்டு வண்டி. புனலூர் சாக்கோ.
தாளை நீட்டியபடி உள்ளே வந்தவரிடம்
ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.
நின்றார். குமிழியைப் பார்த்தார்.
"ஃபில்டர் இல்லே?"
வீட்டில் இருக்கிறது,
அது சொட்டி முடிப்பதற்குள்
நீங்கள் மதுரை போய்விடுவீர்கள் என்றேன்.

குடித்தார். முகம் சுளித்தார்.
வண்டியில் ஏறி ஒரு வெல்லக்கட்டியோடு திரும்பினார்.
அந்த வண்டியிலிருந்து எதுவும்
இந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பது விதி.
விதியில் கோழி உண்டு, முட்டை உண்டு, தீவனம் உண்டு.
வெல்லம் இல்லை.

இரண்டாவது பிடியை அவரே அரைத்தார்.
இடது கைக்காரர். ரொம்ப வேகம்.
அரவை அவர் முழங்காலிடுக்கில் துள்ளியது.
பாதி நொய், பாதி தூசி.
பரவாயில்லை என்று துணியில் தட்டி,
மெல்ல நீரைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தபோது
வெளியே,
காலிக் கூண்டுகளின் அடுக்கில் எங்கேயோ,
கொக் என்றது.

தெளிப்பானின் சீற்றம் நின்றது.
பூதத்தான் அண்ணன் டார்ச்சை மேலே பிடித்தார்.
ஒரே ஒரு கோழி. வெள்ளை.
யாரும் எண்ணாமல் விட்டது.

பாதியில் நிறுத்தினால் பொடி குழிந்துவிடும்,
தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடும்.
அதனால் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன்.
சாக்கோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று டம்ளரில் பங்கு வைத்தேன்.
பிறகு முத்திரையை மையில் அழுத்தி
'திருப்பி அனுப்பப்பட்டது' என்று
அவருடைய தாளில் வைத்தேன்.
மை சரியாகப் பிடிக்கவில்லை. இன்னொரு முறை வைத்தேன்.

நின்றபடியே குடித்தார்.
இந்தத் தடவை வெல்லத்தைக் கடிக்கவில்லை.
"ஞான் அரச்சது கொள்ளில்ல" என்றார்,
அவர் அரைத்தது சரியில்லையாம்.
அதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லாமல்
மூன்று முறை முன்னும் பின்னும் ஒடித்து
வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையேறினார்.

டம்ளரின் அடியில் தூசி படிந்திருந்தது,
நாக்கில் நரநரவென்று.
துப்பவில்லை.
அரவையின் பல்லிடுக்கிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
தூரிகையை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
மறுநாள் இரண்டரைக்கு
என் முதல் பிடி
அதையும் சேர்த்துத்தான் விழுந்தது.